பழைய ரத்தினக் கற்களை விற்கும்போது நியாயமான விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால்: வீட்டில் ஒரு ஜோடி நீலக்கல் தோடு, ஒரு மரகத மோதிரம், ஒரு பழைய முத்துமாலை, ஒரு டப்பா நிறைய உதிரிக் கற்கள் இருக்கின்றன. விற்கலாம் என்று கொண்டுபோனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை சொல்கிறார்கள், வாங்கிய பில்லுக்குப் பக்கத்தில்கூட யாரும் வருவதில்லை. ஏமாற்றுகிறார்களா, இல்லை உண்மையிலேயே அவ்வளவுதானா? பழைய நகைகளில் வரும் கற்களைத் தரம் பிரித்து விலை போடும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறைவாகக் கேட்பதாலேயே ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் ஏமாற்று நடப்பதும் உண்மை. அது பெரும்பாலும் விலை பேசும்போது நடப்பதில்லை. அதற்கு ஒரு படி முன்னால், இது என்ன கல் என்று முடிவாகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. கல் இன்னதென்று சொல்பவரும் அதை வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நான் சொல்வதில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முதலில் பில். கடையில் நீங்கள் கொடுத்த பணத்தில் கல்லின் விலை ஒரு பகுதிதான். பட்டை தீட்டுபவர், மொத்த வியாபாரி, நகை செய்பவர், கடைக்காரர் என்று கைமாறி வரும்போது ஒவ்வொருவருடைய செலவும் லாபமும் அதில் ஏறியிருக்கும். வரி தனி. நீங்கள் திரும்ப விற்கப் போகும்போது வாங்குகிற வியாபாரி ஒரே ஒரு கணக்குத்தான் போடுவார்: இதே மாதிரிக் கல் எனக்கு வழக்கமாகத் தருபவரிடம் என்ன விலைக்குக் கிடைக்கும்? அந்த ஆள் கடனுக்குத் தருவார், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார், பல கற்களைப் பரப்பி வைத்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வார். உங்களால் அது எதுவும் முடியாது. அதனால் அவருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துத்தான் உங்களுக்குக் கொடுப்பார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் இதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

காப்பீட்டுக்காக எழுதி வாங்கிய மதிப்பீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களும் நிறைய. தொலைந்துபோனால் கடையில் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்பதுதான் அந்தத் தாளில் இருக்கும் எண். விற்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தங்கத்துக்கு அன்றாடம் விலை அறிவிக்கிறார்கள். எடையும் தரமும் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். வைரத்துக்கு 1978இல் தொடங்கிய ராபபோர்ட் விலைப்பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவை விற்பவர் கேட்கும் விலைகள். வியாபாரிகளுக்குள் பெரும்பாலும் அதிலிருந்து கழித்துத்தான் பேசுவார்கள். வண்ணக் கற்களுக்கு அப்படி எல்லோரும் கட்டுப்படும் பட்டியலே கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு நீலக் கற்களில் ஒன்று இன்னொன்றைவிட நூறு மடங்கு விலை போகலாம். ஆளுக்கொரு விலை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கல் என்ன கல்? “எங்கள் பாட்டி காலத்து மாணிக்கம், அப்போதெல்லாம் செயற்கைக் கல் ஏது?” என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கத்தை வளர்க்கும் முறையை 1902இலேயே வெளியிட்டுவிட்டார். கொஞ்ச நாளில் நீலமும் வந்தது. ஆக, நூறு வருட நகையில் செயற்கைக் கல் இருப்பது அதிசயமே இல்லை. நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸில் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணம் மடங்கியும் போகும், சுடரில் வளர்த்த கல்லில் அவை கிராமபோன் தட்டின் வரிகள் மாதிரி வளைந்து ஓடும். வேதியியல்படி அதுவும் மாணிக்கம்தான், சந்தையில்தான் அதற்கு மதிப்பில்லை.

இன்னொரு வகையும் உண்டு. ஒருவர் பழைய ப்ரோச்சிலிருந்து (உடையில் குத்திக்கொள்ளும் நகை) கழன்று விழுந்த கரும்பச்சைக் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மரகதம் என்று நம்பிய கல். அதை முகம் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து மேலிருந்து வெளிச்சம் காட்டினோம். பச்சைக் கல்லின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் தெரிந்தது. மேலே ஒட்டியிருந்தது கார்னெட் என்ற விலை குறைந்த சிவப்புக் கல்லின் மெல்லிய துண்டு, கீழே முழுவதும் பச்சைக் கண்ணாடி. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இப்படி இரண்டையும் சூட்டில் ஒட்டவைத்து எல்லா நிறத்திலும் கற்கள் செய்தார்கள். மேலே கார்னெட் இருப்பதால் சீக்கிரம் கீறல் விழாது. லென்ஸில் பார்த்தால் கார்னெட்டுக்குள் இருக்கும் இயற்கையான ஊசிகள் தெரிந்து பார்ப்பவரை நம்ப வைத்துவிடும். வந்தவருக்கு முகம் வாடிப்போனது. விற்றவர்கள் வேண்டுமென்றே செய்ததாகவும் சொல்ல முடியாது, அவர்களுக்கும் யாரோ மரகதம் என்றே கொடுத்திருக்கலாம்.

பின்பக்கம் மூடிய பழைய நகைகளில் இன்னும் கவனம் வேண்டும். கல்லுக்கு அடியில் வண்ணத் தகடு வைத்து நிறத்தைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். கல்லைக் கழற்றாமல் அதற்கு உறுதியாக விலை சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

கல் இயற்கையானது என்று தெரிந்த பிறகு வரும் கேள்வி, அதை என்ன செய்திருக்கிறார்கள் என்பது. விலையைப் பெரிதாக ஏற்றி இறக்குவது இதுதான். சந்தையில் புழங்கும் மாணிக்கத்திலும் நீலத்திலும் பெரும்பாலானவை நிறத்துக்காகச் சூடு போட்டவை. அது ஏற்கப்பட்ட வழக்கம், ஏமாற்று அல்ல. ஆனால் நல்ல நிறத்தோடு சூடே படாத கல் என்றால் விலை பல மடங்கு. மாணிக்கத்தின் விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய சரக்கு 2004 வாக்கில் சந்தையில் பெருகியது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கப்படும், நகை ரிப்பேருக்கான நெருப்பைத் தாங்காது. மறுவிலை கிட்டத்தட்ட இல்லை. அதே காலத்தையொட்டி, பெரிலியம் என்ற தனிமத்தை ஊடுருவச் செய்து நிறம் மாற்றிய கற்களும் வந்தன. அதனால் 1990களில் வாங்கிய ஆய்வக அறிக்கையை வைத்துக்கொண்டு இன்றைக்கு விலை பேச முடியாது. வாங்குபவர் புது அறிக்கை கேட்டால் கோபப்படாதீர்கள்.

மரகதத்தின் கதை வேறு. விரிசல் இல்லாத மரகதம் அபூர்வம், அதில் எண்ணெயோ பிசினோ ஏற்றுவது பழைய வழக்கம். எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதை அறிக்கையில் எழுதுவார்கள்: சிறிதளவு, நடுத்தரம், அதிகம் என்று. இந்த ஒரு சொல் மாறினாலே விலை மாறும். வருடக்கணக்கில் அணிந்தால் எண்ணெய் வறண்டு விரிசல்கள் வெளுத்துத் தெரியும். விற்பதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் எந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், இருக்கிற எண்ணெயும் போய்விடும். முத்து, ஓப்பல் இவற்றுக்கும் அதே எச்சரிக்கை.

ஆய்வகம் என்று சொல்லும்போது அமெரிக்காவின் ஜிஐஏ, சுவிட்சர்லாந்தின் எஸ்எஸ்இஎஃப், கியூபெலின் போன்றவற்றின் அறிக்கையை உலகம் முழுவதும் வியாபாரிகள் மதிக்கிறார்கள். பெரிய கல்லுக்கு விளைந்த இடத்தையும் எழுதித் தருவார்கள். 1880களில் சில ஆண்டுகள் மட்டுமே செழிப்பாகக் கிடைத்த காஷ்மீர் நீலம், மொகோக் பள்ளத்தாக்கின் பர்மா மாணிக்கம், கொலம்பிய மரகதம் என்று உறுதியானால் விலை தனி ரகம். ஆனால் நிறம் செத்த கல்லுக்கு ஊர்ப் பெயர் கைகொடுக்காது. நான் பார்த்தவரை, “பர்மா மாணிக்கம்” என்ற பேச்சுக்காகவே அதிகம் கொடுத்து வாங்கியவர்கள்தான் விற்கும்போது அதிகம் நொந்துபோகிறார்கள்.

எதிர்பாராத நல்ல செய்தியும் வரும். மாணிக்கம் என்று நினைத்தது, அதைப்போலவே தோன்றும் ஸ்பினெல் என்ற வேறு கல் என்று வந்தால் முன்பு தலையில் கைவைப்பார்கள். இன்று நல்ல சிவப்பு ஸ்பினெல்லுக்குத் தேடி வருகிறார்கள். பிரிட்டிஷ் அரச மகுடத்தில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’கூட ஸ்பினெல்தான். முத்துமாலையும் அப்படியே. உருண்டையான வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்தது 1920களில். மாலை அதற்கு முந்தையது என்று நினைக்கக் காரணம் இருந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள். இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதை வெளியே பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, விலை வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும். வளர்ப்பு முத்து என்று வந்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வியர்வையும் வாசனைத் திரவியமும் பட்டு மங்கிப்போன மாலைக்கு வாங்குபவர் குறைவு.

எடை பற்றி ஒரு வார்த்தை. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், 100 சென்ட். இரண்டு கேரட் கல் ஒரு கேரட் கல்லைப்போல் இரண்டு மடங்கு விலை அல்ல, அதற்கும் மேலே போகும். விளிம்பில் சில்லு போயிருந்தால் மறுபடி தீட்டச் சொல்வார்கள், அதில் எடை குறையும், 1.02 கேரட் வைரம் 0.98 ஆகி ஒரு கேரட்டுக்குக் கீழே போய்விட்டால் அந்த நான்கு சென்ட்டோடு நிற்காது நஷ்டம்.

வைரத்தில் இப்போது பெரிய தலைவலி ஆய்வகத்தில் வளர்த்த வைரம். டி பியர்ஸ் நிறுவனமே 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கி, விலைகள் சரிந்த பிறகு 2025இல் மூடப்போவதாக அறிவித்தது. புதிதாகவே மலிவாகக் கிடைப்பதால் பழையதை எடுக்க வியாபாரிக்கு அவசியமே இல்லை. உங்களிடம் இருப்பது இயற்கை வைரம் என்றால் அதை நிரூபிக்கும் அறிக்கை முன்னைவிட இப்போது அவசியம். கடையில் முனையை வைத்துப் பார்க்கும் சாதாரண வெப்பச் சோதனைக் கருவி, வைரம்போலத் தோன்றும் மாய்சனைட் என்ற கல்லையும் வைரம் என்றே காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். கையால் தீட்டிய பழைய பாணி வைரம் இருந்தால், புதுப் பட்டை போட்டால் விலை ஏறும் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டைக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே விற்பது? வியாபாரியிடம் கொடுத்தால் உடனே பணம், விலை குறைவு. ஏலத்தில் காத்திருக்க வேண்டும். தவிர, செய்தியில் வரும் ஏல விலையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும்; விற்பவருக்கு, ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலையிலிருந்து அவருடைய கமிஷனும் படம், காப்பீட்டுச் செலவுகளும் போகத்தான் வரும். ஏலம் போகாமல் திரும்பிய கல்லை வியாபாரிகள் நினைவில் வைத்திருப்பார்கள், ஆகவே குறைந்தபட்ச விலையை ஆசையில் உயர்த்தி வைக்காதீர்கள். கமிஷனுக்குக் கடையில் கொடுத்து வைப்பது நடுவழி. இணையத்தில் ஒப்பிடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். கல்லை நகையிலிருந்து முன்கூட்டியே கழற்றிவிட வேண்டாம். பெயர்பெற்ற நகை நிறுவனத்தின் முத்திரை உள்ளே இருந்தால் முழு நகைக்குத்தான் மதிப்பு.

கல்லை யாரிடம் விட்டுவிட்டு வந்தாலும் எடை, மில்லிமீட்டரில் அளவு, நெருக்கமாக எடுத்த படம் மூன்றும் ரசீதில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் கீறலையும் புள்ளியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப வந்தது உங்கள் கல்தானா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. “இது போலிதான், ஆனாலும் பாவம் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்” என்று யாராவது சொன்னால் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நீலக்கல் தோட்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்தே. நிறமும் அளவும் பொருந்திய ஜோடிக்குத் தனித்தனிக் கற்களைவிட விலை அதிகம், “ஒன்றை மட்டும் கொடுங்கள்” என்றால் மறுத்துவிடுங்கள். முத்துமாலை எந்தக் காலத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடமும் பழைய புகைப்படங்களிலும் விசாரித்துவிட்டு எக்ஸ்ரேவுக்குச் செலவழிப்பதா என்று முடிவு செய்யுங்கள். மரகதத்தைச் சுத்தம் செய்யாமல் அப்படியே கொண்டுபோங்கள். உதிரிக் கற்களில் ஊதா அமெதிஸ்ட், மஞ்சள் சிட்ரின், நீல டோபாஸ் மாதிரி இருப்பவற்றுக்கு ஆய்வகக் கட்டணமே கல்லின் விலையைத் தாண்டிவிடும். விவரம் தெரிந்த ஒருவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கட்டணம் கொடுத்துப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், அவரிடமே விற்கமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு. அவர் தனியாக எடுத்து வைக்கும் சில கற்களை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியை மொத்தமாக ஒரே விலை பேசிக் கொடுத்துவிடலாம்.