ஓட்டு எண்ணுவதற்காக ஒரு போர்

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகாவில் ராணுவமே இல்லை, அதனால்தான் அங்கே ஜனநாயகம் நிலைத்தது என்கிறார்கள். அண்டை நாடுகளெல்லாம் ஆட்சிக் கவிழ்ப்பும் உள்நாட்டுப் போருமாகத் தவித்தபோது அவர்கள் தப்பித்ததற்குக் காரணம் இது ஒன்றுதானா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ராணுவம் இல்லாதது ஒரு காரணம். ஆனால் அங்கே சண்டை தொடங்கியதே ஓட்டு எண்ணிக்கையில்தான்.

1948 அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஒட்டிலியோ உலாத்தே வென்றதாக அறிவிப்பு வந்தது. முன்னாள் அதிபர் கால்தெரோன் குவார்தியாவின் ஆட்கள் நிறைந்த நாடாளுமன்றம் அந்தத் தேர்தலே செல்லாது என்றது. அதை எதிர்த்து ஹோசே ஃபிகெரெஸ் என்ற தலைவர் ஆயுதம் எடுத்தார். 44 நாளில் சுமார் 2000 பேர் செத்துப்போனார்கள். சின்ன நாட்டுக்கு அது பெரிய இழவு. அந்த டிசம்பர் 1 அன்று ஃபிகெரெஸ் பெயாவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். இன்று அது தேசிய அருங்காட்சியகம். கோபுரச் சுவரில் குண்டு துளைத்த தடம் இன்னும் இருக்கிறது. போரில் வென்ற ஃபிகெரெஸ் 18 மாதம் ஆண்டபின் ஆட்சியை உலாத்தேயிடமே ஒப்படைத்தார். எனக்குச் சம்மட்டியைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் 1949 அரசியல் சட்டம் வந்தது. ஓட்டு எண்ணும் வேலையை அது அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கி, உச்ச தேர்தல் தீர்ப்பாயத்திடம் கொடுத்தது. தீர்ப்பாயத்தின் நீதிபதிகளை அதிபரோ நாடாளுமன்றமோ நியமிப்பதில்லை, உச்ச நீதிமன்றம் தேர்ந்தெடுக்கிறது. தேர்தல் காலத்தில் காவல்துறைக்கும் அவர்களே உத்தரவிடலாம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளும் அடையாள அட்டையும் அவர்கள் கையில்தான். 18 வயதாகி அட்டை வாங்கினால் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும், இறப்பு பதிவானால் நீங்கிவிடும். பட்டியலில் பெயரைக் காணோம் என்று அலைய வேண்டியதில்லை. கேட்கவே எனக்கு ஆசையாக இருக்கிறது.

2006 அதிபர் தேர்தலில் இதற்கொரு சோதனை வந்தது. ஆஸ்கர் அரியாஸும் ஒட்டோன் சொலிஸும் நூலிழையில் நின்றார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கையாலேயே எண்ணினார்கள். வித்தியாசம் சுமார் 18,000 ஓட்டு. 1948இல் ரத்தம் சிந்த வைத்த அதே சந்தேகம் மறுபடி தலைதூக்க இது போதும். ஆனால் நாடு காத்திருந்தது. எண்ணி முடித்ததும் சொலிஸ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அன்புடன்.