கை நழுவிப்போச்சா, நான் விட்டேனா?

கேள்வி: அக்கா, சுனாமி வந்தப்ப எனக்கு 12 வயசு, தம்பிக்கு 6. ஞாயித்துக்கிழமை காலைல அவன் கையப் புடிச்சிக்கிட்டுதான் ஓடினேன், தண்ணி அடிச்சதுல கை நழுவிப்போச்சு. இப்ப எனக்கு ஒரு பையன் இருக்கான், கடல் பக்கமே விடறதில்ல. கவுன்சலிங் போறேன், அங்க மேடம் "ஸ்டக் பாயின்ட்" எழுதிட்டு வரச் சொன்னாங்க. "பயமா இருக்கு", "தம்பி கை நழுவிடுச்சு", "ஏன் நான் மட்டும் பொழச்சேன்"னு எழுதினேன். மூணுமே இல்லன்னுட்டாங்க. அப்ப எதத்தான் எழுதறது? நான் கைய விட்டதாலதானே அவன் போனான்.
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: தங்கச்சி, உன் லெட்டர ரெண்டு மூணு தடவ படிச்சேன். நீ தேடறது அதோட கடைசி வரிலயே இருக்கும்மா. மேல "கை நழுவிப்போச்சு"ன்னு எழுதின, கீழ வர்றப்ப "நான் கைய விட்டதால"ன்னு ஆயிடுச்சு. நழுவினது நடந்த விஷயம், விட்டேன்னு சொல்றது உன் மனசு உனக்கே எழுதின தீர்ப்பு, அதான் ஸ்டக் பாயின்ட், மனச அங்கேயே மாட்டி நிறுத்தற நெனப்பு.

பயம்ங்கிறது உணர்ச்சி, அத சரியா தப்பான்னு பாக்க முடியாது. கேள்வியையும் அப்படியே வச்சி ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு மனசுக்குள்ள நீயே என்ன பதில் வச்சிருக்கன்னு பாரு, "அவனுக்குப் பதிலா நான் போயிருக்கணும்"னு வந்தா அத எழுது. மேட்டூர்ல தண்ணி திறந்தாலும் வாய்க்கால ஆகாயத்தாமர அடைச்சிக்கிட்டா கடைமடைக்கு வராதுல்ல, அந்த மாதிரி "நான் கைய விட்டேன்"ங்கிற ஒரு வரிதான் உன் துக்கத்த ஓட விடாம அடைச்சிக்கிட்டு நிக்கிது.

இந்த முறைக்கு காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபின்னு பேரு, 1980கள் கடைசில அமெரிக்காவுல பாட்ரீசியா ரெசிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பாலியல் வன்முறைல பாதிச்ச பொண்ணுங்களுக்காக ஆரம்பிச்சது, சாதாரணமா 12 சிட்டிங் இருக்கும். ஸ்டக் பாயின்ட்ல நடந்ததப் பத்தின வரி ஒரு வகை, "இன்னும் இறுக்கிப் புடிச்சிருந்தா"ங்கிற மாதிரி. இனிமே நடக்கப்போறதப் பத்தினது இன்னொரு வகை, "கடல் பக்கம் விட்டா எம்புள்ளையும் போயிடுவான்", "என்னால யாரையும் காப்பாத்த முடியாது". எப்பவும், யாருமே, இருந்திருக்கணும் – இந்த வார்த்தைங்க வந்தா அங்க நின்னு பாரு.

எழுதினப்புறம் மேடமோட உக்காந்து அந்த வரிய விசாரிப்பீங்க. எனக்கு உடனே தோணினது ஒண்ணு சொல்றேன், 2004ல இந்தியாவுல சுனாமி எச்சரிக்கை மையமே கெடையாது, ஹைதராபாத்துல அது வந்ததே 2007ல. கடல்லயே பொழப்பு நடத்தின பெரியவங்களுக்கே அன்னைக்கு வர்றது தெரியல, 12 வயசுப் புள்ள கையில எவ்வளவு பலம் இருந்திருக்கும்? "விட்டேன்"ங்கிற வார்த்தை அந்தப் புள்ளைக்குப் பொருந்துதா? எனக்குப் பொருந்தல. ஆனா நான் சொல்றதால மாறாதும்மா, நீயே சாட்சி வச்சிப் பாத்து வரணும்.

ஒண்ணு மட்டும் மறைக்காம இரு. நான் போயிருக்கணும்ங்கிறது இப்பவும் சாகலாம்னு தோணற அளவுக்கு இருந்தா அடுத்த சிட்டிங் வரைக்கும் காத்திருக்காத, உடனே மேடம்கிட்ட சொல்லு, ராத்திரின்னாலும் 14416க்கு போன் போடு, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

அடுத்த தடவ போறப்ப உன் லெட்டரோட கடைசி வரிய அப்படியே பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போ. பையனப் பத்தினத தனி பேப்பர்ல எழுதிக்க.