மூளைக் கட்டி வளர்வதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு என்ன பங்கு?

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்துகளே (அதாவது வேதி அலகுகளே) கொண்ட குட்டி மரபுப்பொருள் துண்டு. புரதம் செய்யும் கட்டளையைச் சுமந்து போகும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதம் உருவாகாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 அளவுக்கு மீறிப் பெருகுகிறது. பழுதான செல் தானாக மடிய உதவும் பி.டி.சி.டி.4 போன்ற புரதங்களை அது அடக்கிவிடும். சாக வேண்டிய செல் சாகாமல் பிரிந்துகொண்டே போகும். ஆய்வகத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21-ஐ முடக்கியபோது புற்றுச் செல்கள் மடியத் தொடங்கின; 2005-லேயே இது தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் கவனியுங்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நலமான மூளையில் நிறைய இருந்து, செல் பெருக்கத்துக்குப் பிரேக் போடும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-128 கட்டியில் குறைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டர் அழுந்தியிருக்கும்போதே பிரேக்கும் தேய்ந்துபோகிறது.

இதைச் சிகிச்சையாக்கப் பெரிய தடை, ரத்தத்திலிருந்து பல பொருள்கள் மூளைக்குள் போகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மருந்தைக் கொண்டுசேர்ப்பதுதான்.