போர்ச் செய்தி கேட்டு வைப்புத்தொகையை நகையாக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். கணவர் மட்டுமே வேலைக்குச் செல்கிறார். வங்கியில் 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிரந்தர வைப்பில் உள்ளது. மத்திய கிழக்குப் போர்ச் செய்திகளைக் கேட்ட என் மாமியார், முழுத் தொகையையும் எடுத்துத் தேக்காவில் நகை வாங்கவும், அரிசியை மூட்டை மூட்டையாகச் சேர்க்கவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியர் புழக்கத்தில் விட்ட, வாழைமரப் படம் போட்ட ‘வாழைமர நோட்டுகள்’, 1945இல் அவர்கள் சரணடைந்ததும் வெறுங்காகிதமாயின. அதைப் பார்த்த குடும்பங்களில் தங்கத்தின் மீது நம்பிக்கை வேரூன்றியதில் வியப்பில்லை. அன்று நாணயமே செத்தது. இப்போது உங்கள் வீட்டைத் தொடக்கூடியது விலையேற்றம். இரண்டுக்கும் மருந்து வேறு.

நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கட்டணம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திருத்தப்படுவதால், தொலைவில் நடக்கும் போரின் பாரம் சற்றுத் தாமதமாகவே உங்கள் பில்லில் ஏறும். 2022இல் உக்ரேன் போர் தொடங்கிய பிறகு இதைக் கண்டோம். வல்லரசுகள் மோதும்போது சிறிய நாடு விலையை ஏற்றுக்கொள்ளத்தான் முடிகிறது. இறக்குமதி விலையின் அடியைத் தணிக்க நம் மத்திய வங்கியான நாணய ஆணையம் வட்டிக்குப் பதிலாக வெள்ளியின் மாற்று மதிப்பையே கருவியாகக் கொண்டு, 2021 அக்டோபர் முதல் ஓராண்டில் ஐந்து முறை கொள்கையை இறுக்கியது, அதாவது வெள்ளியின் மதிப்பு உயர வழிவிட்டது. ஆகவே வெள்ளியில் இருக்கும் சேமிப்பை வாழைமர நோட்டோடு ஒப்பிட வேண்டியதில்லை.

நகைக் கணக்கைப் பாருங்கள். 10,000 வெள்ளி மதிப்புள்ள தங்கத்துக்குச் செய்கூலி 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 9 விழுக்காடு பொருள் சேவை வரியுடன் 11,990 வெள்ளி கொடுப்பீர்கள். விற்கும்போது செய்கூலியும் வரியும் திரும்பி வருவதில்லை. தங்க விலை ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தால்தான் போட்ட பணமே கைக்கு வரும். பிள்ளைகளுக்கு அணிவிக்க வாங்குவது வேறு, சேமிப்பாக வாங்குவது வேறு. சேமிப்பு என்றால், 99.5 விழுக்காட்டுத் தூய்மையுள்ள, முதலீட்டுக்குரிய தங்கக் கட்டிகளுக்கு 2012 முதல் அந்த வரி கிடையாது. அதிலும் 4,000 வெள்ளிக்கு மேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அரிசியில் ஒரு மூட்டை கூடுதலாக இருந்தால் போதும். நம் ஊர் வெக்கையில் அதற்கு மேல் சேர்த்தால் வண்டு விழும். அரிசி இறக்குமதியாளர்கள் இருப்பு வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தபோதும், அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு விலக்களிப்பதாக அறிவித்தது.

ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் போரைவிட வேலையிழப்பே பெரிய ஆபத்து. போரால் வணிகம் சுருங்கும்போது அந்த ஆபத்து கூடவும் செய்யும். கடந்த மூன்று மாத மின்கட்டணம், மளிகை, பள்ளிச் செலவு, வீட்டுக் கடன் ஆகியவற்றின் சராசரியைக் கண்டு, ஒன்பது மாதச் செலவுக்கான தொகையை முதலில் ஒதுக்குங்கள். அதில் இரண்டு மாதத் தொகை சாதாரண சேமிப்புக் கணக்கிலும், மீதி அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்திலும் இருக்கட்டும். 500 வெள்ளியிலிருந்து வாங்கக்கூடிய அப்பத்திரத்தை எந்த மாதமும் அபராதமின்றித் திரும்பக் கொடுக்கலாம்.

வைப்பை இப்போது உடைத்தால் வட்டி போகும். முதிர்வு நாளைக் குறித்துக்கொண்டு, தொகை தானாகப் புதுப்பிக்கப்படாதபடி வங்கியில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.