எட்டு மில்லிமீட்டர் கண்ணாடியில் ஆறடி மீன் தொட்டி: கசிவுக்கு மேல்பூச்சு போதுமா?

முதலில் தண்ணீரை இறக்கிவிடுங்கள் நண்பரே, மற்றதெல்லாம் அப்புறம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், எட்டு மில்லி கண்ணாடி, நிரப்பியதும் முன்பக்கம் நடுவில் புடைக்கிறது, கீழ் மூலையில் கசிகிறது, மேலே கொஞ்சம் சிலிகான் (கண்ணாடி ஒட்டும் பசை) பூசினால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. உங்கள் தொட்டி நிறைந்தால் கிட்டத்தட்ட 680 லிட்டர். முன் கண்ணாடியை மட்டும் ஏறத்தாழ 340 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அந்தப் புடைப்புதான் மூலையில் ஒட்டிய இணைப்பைப் பிளக்கிறது என்று நினைக்கிறேன். இந்த அளவுக்குப் பொதுவாக 12 மில்லி போடுவார்கள், அதுவும் மேல் விளிம்பில் நீளவாக்கில் கண்ணாடிப் பட்டையும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் வைத்து.

காய்ந்த பழைய சிலிகான் மேல் புதிது சரியாக ஒட்டாது, பிளேடால் முழுக்கச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம், மீனுக்கு ஆபத்து. ஒட்டியபின் ஒரு வாரமாவது காயட்டும்.

புதுக் கண்ணாடி வாங்க மனமில்லை என்றால், சிலிகான் இணைப்புகளை முழுக்கப் புதுப்பித்துவிட்டு ஒரு அடி உயரத்துக்கு மட்டும் நிரப்பி ஓட்டலாம். தண்ணீர் உயரம் பாதியானால் விசை கால்வாசிதான். அப்போதும் ஸ்டாண்டு சமமட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.