தாத்தா பெயரில் ஒரு கல் வைக்கத் தரகர் எதற்கு?

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 1950களில் தாத்தா வாசிகசாலை நடத்திய கடைச் சுவரில் அவர் பெயரோடு ஒரு கல் பதிக்க வேண்டும், ‘தொல்பொருள் திணைக்கள அனுமதி எடுத்துத் தருகிறேன்’ என்று ஒருவர் எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், ஒரு சதம்கூட வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பழைய சின்னம் என்று தானாகப் பார்ப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியதை, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு முந்தியதை. அதற்குப் பிந்திய கட்டடம் என்றால் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று வர்த்தமானியில் அறிவித்திருக்க வேண்டும். உங்கள் கடை அப்படி இல்லையென்றால் திணைக்களத்துக்கு இதில் வேலையே இல்லை. நம் மலையகத் தமிழர் தோட்ட வேலைக்கு வந்ததை 1823 என்று கணக்கு வைத்துத்தான் 2023இல் ‘மலையகம் 200’ நினைவுகூரப்பட்டது, ஆக நம் லயமும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கோவிலும் சவக்காலையும் முழுக்க அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம்தான், சட்டத்தின் தானான பாதுகாப்பு இல்லாமல் கிடக்கின்றன, இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, உங்களுக்கு வேண்டியது இரண்டு கடிதம். கட்டட உரிமையாளர் கையெழுத்திட்ட சம்மதம் ஒன்று (வாடகைக்கு இருப்பவருடையது போதாது), நகரசபைக்கு நீங்கள் எழுதும் விண்ணப்பம் ஒன்று. விண்ணப்பத்தில் இது விளம்பரப் பலகை அல்ல, நினைவுக்கல் என்று தெளிவாக எழுதுங்கள். உங்கள் பிரதியில், விண்ணப்பம் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘நாளைக்கு வாங்க’ என்றே இழுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள், 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

தோட்டத்துக்குள் என்றால் கதை வேறு, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். துரை (தோட்ட மேலாளர்) வாயால் ‘சரி’ சொன்னதை நம்பிக் கல் நட்டுவிடுகிறார்கள், அப்புறம் துரை மாறுகிறார், புதிதாக வந்தவர் பிடுங்கச் சொல்கிறார். பெரும்பாலான தோட்டங்களில் கம்பனி குத்தகைக்காரர்தான், நிலம் அரசுடையது, ஜனவசம அல்லது பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அதனால் கம்பனியின் கடிதத் தாளில் எழுத்தில் வாங்குங்கள், நிலம் எந்த நிறுவனத்துடையதோ அதற்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 1940 ஜனவரி 10இல் முல்லோயா தோட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தன், 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் மாதிரியான தோட்டப் போராட்டத் தியாகிகளுக்குத் தோட்ட மண்ணில் கல் வைப்பவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், இருக்கிற கல்லைக் காப்பாற்றவும் அந்தக் கடிதம்தான் உதவும்.

இன்னொன்று, செலவை ஏற்கிறேன் என்று வரும் அரசியல்வாதி. நான் பார்த்த ஒரு கல்லில் திறந்து வைத்தவர் பெயர் மூன்று வரி, இறந்தவர் பெயர் ஒரே வரி! வாசகத்தை நீங்களே எழுதி, வீட்டுக்காரர் எல்லோரும் பார்த்து, அதன் பிறகே கல் வெட்டுபவரிடம் கொடுங்கள். பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியும் ஊர் கூப்பிட்டபடியும் இருக்கட்டும். ஹட்டன் மழைக்குப் பெயின்ட் எழுத்து நிற்காது, கருங்கல்லில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்.