கேள்வி பதில்: சிசிலியின் ஆகஸ்ட் வெயில்

கேள்வி: இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வசிக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் சந்தையில் அத்திப்பழம் கொட்டிக் கிடக்கிறது. மாடியில் காயவைத்தால் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் பழத்தின் பக்குவத்திலும் ராத்திரிப் பனியிலும்தான். காயவைக்கிற அத்தி, சாப்பிடுகிற அத்தியைவிட நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். கழுத்து துவண்டு, தோலில் வெள்ளைக் கீறல் ஓடி, அடியிலுள்ள சிறு துளையில் தேன்போல் ஒரு சொட்டுச் சாறு நிற்கும். பறித்த பிறகு அத்தி பழுக்காது. கெட்டியாக இருப்பதை வாங்காதீர்கள்.

கழுவ வேண்டாம், துடைத்தால் போதும். காம்புப் பக்கம் ஒட்டியிருக்க, அடியிலிருந்து கீறிப் புத்தகம்போல் விரியுங்கள். வெட்டுப்பக்கம் மேலே இருக்க, ஒன்றையொன்று தொடாமல் நாணல் தட்டியில் பரப்புங்கள். தாம்பாளத்தில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்துப் புளித்துவிடும். மேலே கொசுவலை. பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு ராத்திரிப் பனி போதும், பகலெல்லாம் காய்ந்தது வீண். 5 முதல் 7 நாளில், அழுத்தினால் சாறு வராமல், மடித்தால் உடையாமல் இருக்கும். 3 கிலோ பழம் ஏறக்குறைய 1 கிலோவாகும்.

பிறகு உள்ளே ஒரு வறுத்த பாதாம், சிட்டிகை பெருஞ்சீரகம், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் வைத்து மூடி, 80 டிகிரி அவனில் அரை மணி நேரம் வையுங்கள். அந்துப்பூச்சி முட்டை இருந்தால் அதில் செத்துவிடும். முழுக்க ஆறிய பிறகே, இடையிடையே காய்ந்த அல்லோரோ இலை (சமையலில் வாசனைக்குப் போடும் பே இலை) போட்டு ஜாடியில் அடுக்குங்கள்.

சில வாரத்தில் மேலே வெள்ளை படியும். மணல்போல் நறநறத்து, வெந்நீரில் கரைந்தால் அது பழத்தின் சர்க்கரை. பஞ்சுபோல் இருந்து, பூசண வாடை அடித்தால் முழுப் பழத்தையும் எறியுங்கள். வெட்டிவிட்டு மிச்சத்தைத் தின்னக் கூடாது.

கேள்வி: பலகையில் தக்காளி விழுதைக் காயவைக்கிறார்களே, ‘ஸ்த்ராத்து’, அதை வீட்டில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. சதைப்பற்றான தக்காளி 10 கிலோவை வேகவைத்து, தோல், விதை நீக்கி, உப்பிட்டு, பலகையில் விரல் தடிமனுக்கும் குறைவாகப் பரப்புங்கள். தடிமனானால் உள்ளே குமிழி விட்டுப் புளிக்கும். அடிக்கடி கிளறி, வற்ற வற்ற ஒரே பலகைக்குச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோ, செங்கல் நிறத்தில், களிமண்போல். ஜாடியில் அழுத்தி, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிவையுங்கள்.

கேள்வி: சப்பாத்திக்கள்ளிப் பழம் இப்போது வாங்கலாமா?

பதில்: சாப்பிடலாம், ஆனால் விதை அதிகம். ஜூனில் முதல் பூவைத் தட்டிவிட்ட செடிகளில் இலையுதிர்காலத்தில் வரும் ‘பஸ்தார்தோனி’ பெரிது, சாறும் கூடுதல். அக்டோபர்வரை பொறுங்கள்.